"இதனால் என்ன பயன்?" என்று கேட்ட ஒரு தகப்பன்

மகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கப்பா, ஆனா என்னைப் பாவம்னு யாரும் நினைக்கிற மாதிரி எழுதாதீங்க" என்றாள். அவள் பாவம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். தப்பு செய்தவன் நான். அதனால் என்னைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தேன். பின்மண்டையில் சின்ன வீக்கம். ஐஸ் வைத்தோம், இரண்டு நாளில் வடிந்துவிட்டது. நானும் மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து விடாத தலைவலி வந்தது. காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை தடுமாறியது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தேன். "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்று நானே எல்லோருக்கும் சமாதானம் சொன்னேன். மகள் கேட்கவில்லை. வங்கிக்கு லீவு போட்டுவிட்டுத் திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் கையையும் காலையும் அசைக்கச் சொல்லிப் பார்த்தார். உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

படுத்து எழுந்தது வரை பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கி, மூளையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது படத்தில் தெரிந்தது. மறுநாள் காலை சிறு துளை போட்டு வடித்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்து, என் காபியை நானே எடுத்துக் குடித்தேன்.

ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கிழவருக்கு வாதம் வந்துடுச்சு" என்று மூலையில் படுக்க வைத்திருப்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் மண்டையோட்டின் எலும்பு தெரியும், உள்ளே இருக்கும் மூளை தெரியாது. அந்தக் காலத்தில் மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் முதுகுத்தண்டில் ஊசி குத்தி, அங்குள்ள நீரை எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்களாம். பொறுக்க முடியாத தலைவலி வருமாம். எத்தனை பெரியவர்கள் அப்படி 'வயசுதான்' என்ற ஒரு வார்த்தையில் போய்ச் சேர்ந்தார்களோ.

மருத்துவமனையில் இருந்தபோது மகள் ஒரு நாள் சொன்னாள். "அப்பா, உங்க தலைக்குள்ள பார்த்தாங்களே, அந்தக் கணக்குல நம்ம ஜி.என். ராமச்சந்திரனுக்கும் பங்கு இருக்கு. மெட்ராஸ் யூனிவர்சிட்டில பிசிக்ஸ் துறைத் தலைவரா இருந்தவர்."

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

1990-ல் மகள் பி.எஸ்சி. இயற்பியல் முதல் வகுப்பில் தேறினாள். அவளுடைய பேராசிரியை ஒரு மாலை எங்கள் வீட்டுக்கே வந்தார். "சார், இவளை எம்.எஸ்சி. சேர்த்துவிடுங்க. சென்னைப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தா அப்படியே ஆராய்ச்சிக்கும் போகலாம். ராமச்சந்திரன் சார் உருவாக்கின துறை அங்கே இருக்கு" என்றார். நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். எதற்கும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று போட்டுப் பார்த்தே பழகியவன். "அதெல்லாம் படிச்சு என்ன பயன் டீச்சர்?" என்று கேட்டேன். அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மகளை வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேர்த்தேன். இரண்டாம் முறையில் தேறினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, தலையில் கட்டோடு உட்கார்ந்து மகளையே கேட்டேன், இந்த ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று. எனக்குப் புரியும்படி கணக்குப் புத்தகத்தை வைத்தே சொன்னாள். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு லெட்ஜர் பக்கம் மழையில் நனைந்து, உள்ளே இருந்த தொகைகள் எல்லாம் அழிந்துவிட்டன. ஓரத்தில் எழுதிய கூட்டுத்தொகைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை வைத்து உள்ளே இருந்த எண்களைக் கண்டுபிடிக்க முடியுமா? நான்கே கட்டங்கள் என்று வையுங்கள். மேல் வரிசையின் கூட்டு 5, கீழ் வரிசை 9. இடப் பத்தி 6, வலப் பத்தி 8. மேலே 2, 3, கீழே 4, 5 என்று போட்டால் சரியாக வரும். மேலே 1, 4, கீழே 5, 4 என்று போட்டாலும் சரியாக வரும்! எது உண்மை? மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குக் குறுக்கே கூட்டினால் 7 என்று இன்னொரு தகவல் கிடைத்தால் போதும், முதலாவதுதான் உண்மை என்று தெரிந்துவிடும். பல திசைகளிலிருந்து கூட்டுத்தொகை கிடைத்தால் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்கேன் இயந்திரம் செய்வது இதுதான். ஒரு பக்கத்திலிருந்து எக்ஸ்ரே கதிரைச் செலுத்துகிறது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் உணர்கருவி எவ்வளவு கதிர் வந்து சேர்ந்தது என்று அளக்கிறது. வழியில் எலும்பு, இரத்தம், மூளை எல்லாம் சேர்ந்து எவ்வளவு விழுங்கின என்பதே அந்தக் கூட்டுத்தொகை. நம்மைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாத் திசையிலும் கூட்டுத்தொகை எடுக்கிறது. பிறகு கணினி உள்ளே இருக்கும் கட்டங்களை நிரப்புகிறது. என் தலையின் ஒவ்வொரு குறுக்குப் படத்திலும் 512-க்கு 512 கட்டங்கள். பெருக்கிப் பாருங்கள், 2,62,144 கட்டங்கள்.

இந்தக் கணக்கு எங்கே பிறந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனை. 1967-ல் டாக்டர் பர்னார்டு உலகின் முதல் இருதய மாற்று அறுவை சிகிச்சை செய்த அதே மருத்துவமனை. நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பதினோரு வருஷம் முன்பு, 1956-ல், அங்கிருந்த இயற்பியலாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும்போது மேற்பார்வைக்கு ஓர் இயற்பியலாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஆலன் கார்மக் என்பவரை வாரத்துக்கு ஒன்றரை நாள் வந்து போகச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு மட்டும்.

போன இடத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது, உடம்பு முழுக்க ஒரே மாதிரிப் பொருளால் ஆனது என்று வைத்துக்கொண்டே அளவு போட்டார்கள். எலும்பு வேறு, நுரையீரல் வேறு ஆயிற்றே! உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து அளந்தே கண்டுபிடிக்க முடியாதா என்று யோசித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. மறு வருஷம் அலுமினிய வட்டு ஒன்றை, சுற்றிலும் மரவளையம் வைத்து, கதிரால் சோதித்தார். வட்டின் நடுவில் மட்டும் கணக்கு லேசாக உதைத்தது. பட்டறையில் விசாரித்தால், வட்டின் நடுவே வேறொரு துண்டு செருகியிருந்தது தெரிந்ததாம். கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

பிறகு அவர் அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1963-லும் 1964-லும் இந்தக் கணக்கைக் கட்டுரைகளாக வெளியிட்டார். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவே இல்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது. மலைமேல் படிந்த பனியை அளக்க உதவுமா என்று பார்த்தார்களாம்! இன்னொரு வேடிக்கை, இதே கணக்கின் அடிப்படையை 1917-லேயே ரேடான் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர் போட்டு வைத்திருந்தார். அது கார்மக்குக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது.

இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர், கார்மக்கைப் பற்றித் தெரியாமலே, இயந்திரத்தைச் செய்தார். நாம் வீட்டில் கேட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யில்தான் அவர் வேலை பார்த்தார். ஆரம்பச் சோதனையில் ஒரு படத்துக்கு வேண்டிய அளவுகளை எடுக்கவே 9 நாள் பிடித்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு பெண்மணிக்கு முதல் தலை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் முன்பகுதியில் கட்டி தெரிந்தது. 1979-ல் கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இருவருமே மருத்துவர்கள் இல்லை. இருவருமே டாக்டர் பட்டமும் வாங்கியதில்லை.

இனி நம்மவர் கதை. ராமச்சந்திரன் சி.வி. ராமனின் மாணவர். 1952-ல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது ஏ. லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தர். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம், மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் கோபிநாத் கர்தாவுடன் சேர்ந்து சொன்னவர் அவர். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். மாதிரி அங்கிருந்து கிடைத்தது. எக்ஸ்ரே படங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் வடிவத்தைக் கணக்குப் போட்டு எடுப்பதே அவர் வாழ்நாள் வேலை.

1971-ல் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எக்ஸ்ரே படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவத்தை எப்படி எளிதாகக் கணக்கிடலாம் என்பது பொருள். கூட்டுத்தொகைகளை அந்தந்த வரிசையில் அப்படியே திருப்பிப் பரப்பி எல்லாவற்றையும் சேர்த்தால் உருவம் வரும். ஆனால் மை ஒத்தும் தாளில் விழுந்த சொட்டுப் போல, சுற்றிலும் பரவிக் கலங்கலாக இருக்கும். பரப்புவதற்கு முன்பே, ஒவ்வோர் அளவுக்கும் அண்டையில் உள்ளவற்றை ஒரு விகிதத்தில் கழித்துவிட்டால், பரவும் கறை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், உருவம் தெளிவாகும். அந்த விகிதத்தையும் அதை நேரடியாகக் கணக்கிடும் வழியையும் இவர்கள் கொடுத்தார்கள். அதற்கு முன் வேண்டியிருந்த ஃபூரியே மாற்றம் என்ற நீண்ட கணக்கைச் சுற்றிப் போக வேண்டியதில்லை. அந்தக் காலத்து மந்தமான கணினிகளுக்கு அது பெரிய சலுகை. இதே போன்ற வழியைப் பிரேஸ்வெல் என்பவர் வானொலி வானியலுக்காக முன்பே சொல்லியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பெருமை பேசுவதில் நியாயம் தவறக் கூடாது. ஆனாலும் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் 'ராம்-லாக் வடிகட்டி' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ராம் ராமச்சந்திரன், லாக் லட்சுமிநாராயணன். அந்த வகைக் கணக்குதான் பல பத்தாண்டுகள் சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையாக இருந்தது. 2001-ல் சென்னையில் ராமச்சந்திரன் காலமானார்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

1917-ல் ரேடானிடமும், 1956-ல் கார்மக்கிடமும், 1971-ல் ராமச்சந்திரனிடமும் யாராவது என்னைப் போல் "இதனால் என்ன பயன்?" என்று கேட்டிருந்தால், 'எண்பது வயதை நெருங்கும் ஒரு திருச்சிக் கணக்கர் மழையில் வழுக்கி விழுவார், அவருக்குப் பயன்படும்' என்று யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டு ஒரு வேலையை நிறுத்துவது நியாயமே இல்லை. என் லெட்ஜரில் அந்தச் செலவு ஒரு தலைமுறையிலும் வரவு இன்னொரு தலைமுறையிலும் வருகிறது. ஒரே பக்கத்தில் வைத்துக் கணக்கை முடிக்கப் பார்த்ததுதான் என் தவறு.

ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. எல்லா ஆராய்ச்சியும் ஸ்கேன் ஆகிவிடுமா? ஆகாது. பெரும்பாலானவை அலமாரியில் தூங்கும். ஆனால் எது தூங்கும், எது விழிக்கும் என்று முன்கூட்டியே பிரிக்க வழி இல்லை. கார்மக்கின் கட்டுரையும் தூங்கியதுதான். ஆகவே நன்றாகச் செய்யக்கூடியவர்களைச் செய்யவிடுவது ஒன்றே வழி. அதற்குத்தான் பல்கலைக்கழகங்கள். லாபம் பார்க்கும் கம்பெனி இயந்திரத்தைச் செய்யும், செய்ய வேண்டும். ஐம்பது வருஷம் காத்திருக்கும் கணக்கைப் பல்கலைக்கழகம்தான் போட வேண்டும். அதற்குப் பணம் கொடுப்பதை அரசு தருமம் என்று நினைக்கக் கூடாது. நம் பெயரனுக்குப் போடும் வைப்புநிதி அது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். என் பேத்தி இப்போது பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டு. எம்.எஸ்சி. முடித்து, கதிர்வீச்சை அளக்கும் உணர்கருவிகளில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது பேச்சு வந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர், தங்கமானவர். அவர் கேட்டார்: "மாமா, ஆராய்ச்சி முடிக்க இருபத்தெட்டு வயசாயிடும். அப்புறம் வேலைக்கு எங்கே போறது? இதனால என்ன பயன்?"

முப்பது வருஷத்துக்கு மேலாகி, என் வார்த்தை அப்படியே என் கூடத்தில் திரும்பி வந்தது. மகள் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தாள்.

பேத்திதான் பதில் சொன்னாள். இப்போதுள்ள ஸ்கேன் இயந்திரங்களில் கதிர் ஒரு படிகத்தில் பட்டு ஒளியாகி, ஒளி மின்சாரமாகி, எல்லாம் மொத்தமாகத்தான் அளக்கப்படுகிறதாம். புதுவகை உணர்கருவி வந்து விழும் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே எண்ணி, அதன் ஆற்றலையும் அளக்குமாம். "மொத்தமா உண்டியலை எடை போடுறதுக்கும், ஒவ்வொரு காசா எண்றதுக்கும் உள்ள வித்தியாசம் தாத்தா" என்றாள். கணக்கனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அந்தக் கருவியும் மருத்துவத்துக்காகப் பிறந்ததில்லை. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில், அணுத்துகள்களைப் பின்தொடரச் செய்த சில்லுகளிலிருந்து வந்தது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபில் பட்லர் என்ற இயற்பியலாளரும், கதிரியக்க மருத்துவரான அவர் மகன் ஆண்டனியும் சேர்ந்து, அதை வைத்து மனித உடலின் முப்பரிமாண வண்ண எக்ஸ்ரே படத்தை 2018-ல் வெளியிட்டார்கள். 2021-ல் வேறொரு நிறுவனத்தின் துகள் எண்ணும் ஸ்கேன் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. ஒரு தலை ஸ்கேனில் நம் மேல் படும் கதிர்வீச்சு, பல மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஓராண்டில் நம்மேல் படுவதற்கும் ஏறக்குறைய சமம். என் வயதில், தேவைக்கு எடுக்கும்போது, அது பயப்பட வேண்டிய அளவே இல்லை. ஆனால் விழுந்து அடிபடும் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஸ்கேன் தேவைப்படும். வரும் கதிரை வீணாக்காமல் எண்ணும் கருவி இருந்தால், குறைந்த கதிரிலேயே அதே படம் கிடைக்கும். அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்பதால் அதன் சார்பில் யாரும் நம் கூடத்தில் பேச வரவில்லை. நான் பேசினேன்.

"மாப்பிள்ளை, உங்க கவலை நியாயமானது. நானும் பட்ட கவலைதான். ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் என் தலையிலேயே இருக்கு, தடவிப் பாருங்க" என்று குனிந்து காட்டினேன். துளை போட்ட இடத்தில் இன்னும் ஒரு சின்னக் குழி இருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அவள் கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. பாவமாக எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளை அன்று ஒத்துக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்றார். பிறகு ஒரு நாள் போன் செய்து, நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து கட்டினேன். தேறுவாளோ, ஆராய்ச்சியை முடிப்பாளோ, அது என்றாவது யாருக்காவது பயன்படுமோ, எதுவும் எனக்குத் தெரியாது. நான் இருந்து பார்க்கப் போவதும் இல்லை.

என் வயதை ஒத்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு பேரனோ பேத்தியோ இயற்பியலோ கணிதமோ படிக்க ஆசைப்படலாம். சாப்பாட்டுக்கே கஷ்டம் என்றால் அது வேறு விஷயம், முதலில் வேலைதான். அப்படி இல்லையென்றால், ஓய்வூதியம் வாங்கும் நாமாவது அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்போம். கேட்கத்தான் வேண்டும் என்றால், "நீ எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். அன்றைக்கு அந்தப் பேராசிரியையிடம் நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.